பாய்மரக் காலம் – 14: ஸ்பீடியின் 28 பவுண்டு

சென்ற வாரம் ஜெனரோ கப்பலோடு நிறுத்தியிருந்தோம். ஆங்கிலேயரிடம் பிடிபட்ட அந்த 74 பீரங்கிப் பிரெஞ்சுக் கப்பலைப் புயலுக்கு நடுவே ஓட்டிவந்து, மினோர்கா தீவின் மஹோன் துறைமுகத்தில் சேர்த்தவர் லெப்டினன்ட் தாமஸ் கோக்ரேன். கூட அனுப்பியிருந்த மாலுமிகளில் பாதிப்பேர் நோயாளிகள். பாய்மரத்தில் ஏற ஆள் போதாமல் அவரும் தம்பி ஆர்ச்சிபால்டுமே மேலே ஏறிப் பாய்களைச் சுருட்டினார்கள். 1800ஆம் ஆண்டின் தொடக்கம் அது. கோக்ரேனுக்கு வயது 24. இந்தப் பாடுக்குக் கிடைத்த வெகுமதிதான் இந்த வாரத்துக் கப்பல்: எச்.எம்.எஸ். ஸ்பீடி.

வெகுமதி என்று அவர் நினைக்கவில்லை. 18 பீரங்கிகள் கொண்ட பான் சித்வாயென் என்ற நல்ல கப்பல் ஒன்று தனக்கு வரவேண்டியது, அட்மிரலின் செயலாளருடைய தம்பிக்குப் போய்விட்டது என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். கோக்ரேன் எழுதிவைத்த நினைவுகளில் இந்த மாதிரிப் புகார்கள் பக்கத்துக்குப் பக்கம் வரும். எல்லாவற்றையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் ஸ்பீடியைப் பற்றி அவர் புலம்பியதில் மிகை குறைவு.

ஸ்பீடி டோவர் நகரில், தாமஸ் கிங் என்பவரின் தளத்தில் கட்டப்பட்டு 1782 ஜூனில் கடலில் இறங்கிய கப்பல். இரண்டு பாய்மரம் கொண்ட பிரிக் வகை. நீளம் 78 அடி. இவ்வளவு சின்னக் கப்பலை யாரும் கடற்போரின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தமாட்டார்கள். வாணிபக் கப்பல்களுக்குத் துணை போவது, தபால் சுமப்பது, எதிரியின் துறைமுகத்துக்கு வெளியே காவல் கிடப்பது என்று பெயர் வராத வேலைகளுக்காகவே கட்டப்பட்டது. கோக்ரேன் வருவதற்குள் அதற்கு 18 வயது. அந்தக் காலத்து மரக் கப்பலுக்கு அது நடுவயதைத் தாண்டிய கணக்கு.

அதுவரை ஓடிய ஓட்டத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். 1793இல் பிரான்சோடு போர் மூண்டதும் ஸ்பீடி மத்தியதரைக் கடலுக்கு வந்தது. கொஞ்ச காலம் அதற்குத் தலைவராக இருந்தவர் ஜார்ஜ் கோபர்ன் என்ற இளைஞர். 1814இல் வாஷிங்டனுக்குள் புகுந்து அமெரிக்க அதிபரின் மாளிகைக்குத் தீ வைத்த படையோடு போன அதே கோபர்ன்தான். அடுத்து வந்த ஜார்ஜ் அயர் கையில் இருந்தபோது, 1794 ஜூனில், நீஸ் நகருக்கு அருகே கப்பல் பிரெஞ்சுக்காரரிடம் மாட்டியது. ஒன்பது மாதம் எதிரிக் கொடியின் கீழ் ஓடியது. 1795 மார்ச்சில் கேப்டன் ஃபிரீமேன்டிலின் இன்கான்ஸ்டன்ட் அதை மீட்டது. ஆக, பிடிபடுவது ஸ்பீடிக்குப் புதிதல்ல. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோக்ரேனுக்கு முந்தைய தலைவர் ஜாலீல் பிரென்டன். 1799 நவம்பரில் ஜிப்ரால்டருக்குச் சரக்குக் கப்பல்களைக் கூட்டிக்கொண்டு வந்தபோது, ஸ்பானியரின் 12 பீரங்கிப் படகுகள் சூழ்ந்துகொண்டன. காற்றில்லாத நேரத்திலும் துடுப்பு போட்டு வந்து, பெரிய பீரங்கி ஒன்றால் தூரத்திலிருந்தே அடிக்கும் படகுகள் அவை. பிரென்டன் ஸ்பீடியைக் குறுக்கே கொண்டுபோய் நிறுத்தினார். கூட வந்தவர்கள் தப்பித்துக் கரை சேர்ந்தார்கள். ஸ்பீடி கயிறெல்லாம் அறுந்து, நீர்மட்டத்தில் ஓட்டை விழுந்து ஜிப்ரால்டருக்குள் நுழைந்தது. இதற்காகப் பிரென்டனுக்குப் பதவி உயர்வு வந்தது. அவர் பெயரும் பின்னால் வரும்.

கோக்ரேன் ஏறியபோது கப்பலில் 84 மாலுமிகள், 6 அதிகாரிகள். அவர்கள் இருந்தார்கள் என்பதைவிட அடைத்துக் கிடந்தார்கள் என்பதே சரி. தலைவருக்கென்று ஒதுக்கிய அறையின் கூரை உயரம் 5 அடி. கோக்ரேனோ ஆறடிக்கு மேல் வளர்ந்த மனிதர். அறையில் நாற்காலி போட இடமில்லை. மேசையைச் சுற்றி இருந்த பெட்டிகளின் மேல்தான் உட்கார வேண்டும், அதற்கும் உடம்பை வளைத்து நுழைய வேண்டும். நிமிர்ந்து நின்று சவரம் செய்ய ஒரே வழிதான் இருந்தது. கூரையில் இருந்த கண்ணாடிக் கதவைத் திறந்து தலையை வெளியே நீட்டி, சோப்பையும் கத்தியையும் மேல்தளத்தின்மேல் பரப்பி வைத்துக்கொள்வார். காவலில் நிற்கும் மாலுமியின் கால்மாட்டில், தளத்திலிருந்து முளைத்த மாதிரி ஒரு தலை, முகமெல்லாம் நுரையோடு.

பீரங்கிகள் 14. ஒவ்வொன்றும் 4 பவுண்டு குண்டு சுடுபவை. 4 பவுண்டு என்றால் ஒன்றே முக்கால் கிலோவுக்குச் சற்று அதிகம். குண்டு ஒரு கமலா ஆரஞ்சு அளவுதான் இருக்கும். நெல்சனின் விக்டரி கப்பலில் கீழ்த்தளப் பீரங்கி ஒவ்வொன்றும் 32 பவுண்டு சுட்டது. ஸ்பீடியின் ஒரு பக்கத்தில் இருக்கும் ஏழு பீரங்கியும் ஒன்றாக முழங்கினால் மொத்தமே 28 பவுண்டு இரும்புதான் பறக்கும். கோக்ரேன் அந்த ஏழு குண்டுகளையும் தன் கோட்டுப் பைகளில் போட்டுக்கொண்டு மேல்தளத்தில் உலாவிக் காட்டினார். போர்க்கப்பல் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள், அதன் முழுப் பலமும் இதோ என் பையில் என்று சொல்லாமல் சொன்ன குறும்பு. மேலிடத்துக்கு இந்தக் குறும்பு பிடிக்காது. மேலதிகாரியிடம் துடுக்காகப் பேசியதற்காக அதற்கு முந்தைய ஆண்டுதான் இராணுவ நீதிமன்றத்தில் நின்று கண்டிப்பு வாங்கியிருந்தார்.

12 பவுண்டு பீரங்கி இரண்டு வாங்கி வைத்துப் பார்த்தார். சுட்ட அதிர்ச்சியைக் கப்பலின் மரம் தாங்கவில்லை, ஆள் நின்று இயக்க இடமும் போதவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டார். பாய் கட்டும் குறுக்கு மரத்தில், அதாவது பருமலில், மட்டும் அவர் காரியம் பலித்தது. ஜெனரோவிலிருந்து கழற்றிய ஒரு பெரிய பருமலை ஸ்பீடிக்குக் கேட்டார். பெரிய பருமல் இருந்தால் பெரிய பாய் கட்டலாம், வேகம் கூடும். இந்தச் சின்னக் கப்பலுக்கு இது அதிகம், அளவுக்கு வெட்டுங்கள் என்று துறைமுக அதிகாரிகள் உத்தரவு போட்டார்கள். கோக்ரேன் வெட்டவில்லை. இரண்டு முனையையும் இழைப்புளியால் கொஞ்சம் சீவி, புதிதாக வெட்டிய மாதிரி காட்டி, அப்படியே மாட்டிக்கொண்டார்.

இப்படியொரு கப்பலை வைத்துக்கொண்டு ஸ்பெயினின் கிழக்குக் கரையில் வேட்டையாட வேண்டும். 1800 மே மாதம், சார்டினியாவின் காலியாரி பக்கம் துணைக்குப் போனபோது ஆந்த்ரெபீட் என்ற சின்னப் பிரெஞ்சுக் கொள்ளைக் கப்பலைப் பிடித்து முதல் கணக்கைத் தொடங்கினார். அதன்பிறகு ஒரு முறை வைத்துக்கொண்டார். பகலெல்லாம் கரையின் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் கிடப்பது. இருட்டியபிறகு நெருங்குவது. ஆங்கிலக் கப்பல் பக்கத்தில் இல்லை என்று நம்பி விடியற்காலையில் புறப்படும் சரக்குக் கப்பல்கள் நேராக வந்து கையில் விழும்.

பிடித்த கப்பலைத் துறைமுகத்தில் விற்றுப் பணத்தைப் பங்கு போடுவது அன்றைய சட்டம். எட்டில் மூன்று பங்கு தலைவருக்கு, அதிலும் ஒரு பங்கு அட்மிரலுக்கு. மூன்று படிநிலை அதிகாரிகளுக்குத் தலா ஒரு பங்கு. மிச்சம் இரண்டு பங்கு சாதாரண மாலுமிகள் எல்லோருக்கும். பெரிய கப்பலில் அந்த இரண்டு பங்கை அறுநூறு, எழுநூறு பேர் பிய்த்துக்கொள்வார்கள். ஸ்பீடியில் அறுபது, எழுபது பேர். மாலுமிகளின் சம்பளம் நூற்றைம்பது வருடமாக ஏறாமல் கிடந்து, 1797இல் அவர்கள் கலகம் செய்தபிறகுதான் கொஞ்சம் உயர்ந்திருந்த காலம். ஸ்பீடியின் ஆட்கள் அந்தக் குடைச்சலான கப்பலில் முகம் சுளிக்காமல் கிடந்ததற்கு நாட்டுப்பற்றை மட்டும் காரணம் சொன்னால் அவர்களே சிரித்திருப்பார்கள்.

ஆனால் வேட்டையில் ஒரு சிக்கல் உண்டு. பிடித்த ஒவ்வொரு கப்பலையும் மஹோனுக்கு ஓட்டிப்போக ஆள் அனுப்ப வேண்டும். கொள்ளை பெருகப் பெருகக் கப்பலில் ஆள் குறையும். இன்னொரு பக்கம், ஸ்பானிய வணிகர்களின் கூக்குரல் தாங்காமல் இந்தச் சின்னப் பிசாசைப் பிடிக்கத் தனியாகப் போர்க்கப்பல்களே கிளம்பின.

அதை எதிர்பார்த்த கோக்ரேன், அந்தக் கரையில் அடிக்கடி வந்துபோகும் குளோமர் என்ற டென்மார்க் வணிகக் கப்பலைப் போல ஸ்பீடிக்கு வண்ணம் பூசியிருந்தார். டேனிஷ்காரர் ஒருவரையும் வேலைக்கு வைத்து, டேனிஷ் அதிகாரி உடுப்பும் தைத்து வைத்திருந்தார். 1800 டிசம்பரில் அது கைகொடுத்தது. சரக்குக் கப்பல் என்று நினைத்து நெருங்கிப்போனால், பீரங்கி வாய்களை மூடிவைத்து வேடம் போட்டு நின்றது ஃபிரிகேட் வகையைச் சேர்ந்த ஒரு பெரிய ஸ்பானியப் போர்க்கப்பல். ஓடித் தப்ப முடியாத தூரம். உடனே டென்மார்க் கொடி ஏறியது. விசாரிக்கப் படகு வந்தது. கோக்ரேன் நோய்த்தொற்றுக்கான மஞ்சள் கொடியையும் ஏற்றினார். உடுப்பு மாட்டிய டேனிஷ்காரர், இரண்டு நாளைக்கு முன்புதான் வட ஆப்பிரிக்கத் துறைமுகம் ஒன்றிலிருந்து கிளம்பினோம் என்று சொன்னார். அங்கே பிளேக் பரவியிருப்பது எல்லோருக்கும் தெரியும். படகு வந்த வேகத்தில் திரும்பியது.

தப்பித்ததில் எல்லோருக்கும் மகிழ்ச்சிதானே என்று நினைப்போம். இல்லை. அவ்வளவு பக்கத்தில் வந்த கப்பலை அசந்த நேரம் பார்த்து அடித்திருக்கலாமே என்று மாலுமிகள் முணுமுணுத்தார்கள். அடுத்த வாய்ப்பு வந்தால் விடுவதில்லை என்று கோக்ரேன் அவர்களுக்கு வாக்குக் கொடுக்கவேண்டி வந்தது.

நடுவில் மால்டாவில் ஒரு கேலிக்கூத்து. 1801 பிப்ரவரியில் அங்கே மாறுவேட நடனம் ஒன்று நடந்தது. கோக்ரேன் அழுக்குப் பிடித்த சாதாரண மாலுமி வேடத்தில், கயிறு பிரிக்கும் ஆணியும் கொழுப்புக் கட்டியும் சகிதம் போய்ச் சேர்ந்தார். வேடம் அவ்வளவு பொருந்திவிட்டது, வாசலில் நின்ற பிரெஞ்சு அதிகாரிகள் வெளியே போ என்றார்கள். ஆங்கிலேயர் பக்கம் சேர்ந்திருந்த, மன்னர் கட்சிப் பிரெஞ்சுக்காரர்கள் அவர்கள். வாய் தடித்து, கை ஓங்கி, மறுநாள் காலை துப்பாக்கிச் சண்டையில் போய் நின்றது. பிரெஞ்சுக்காரருக்குத் தொடையில் குண்டு பாய்ந்தது. கோக்ரேனின் கோட்டைத் துளைத்த குண்டு விலாவைக் கன்றவைத்ததோடு நின்றது. ஒரு வேடத்துக்காக இருவரும் செத்திருப்பார்கள். இனி இப்படிச் செய்யக்கூடாது என்று தீர்மானித்ததாக எழுதுகிறார். அந்தத் தீர்மானம் வேடத்துக்கு மட்டும்தான் போலும், சண்டைக்கு அல்ல.

மார்ச்சில் ஒரு ஃபிரிகேட் இரவும் பகலும் விரட்டியது. இருட்டியதும் ஒரு மரத்தொட்டியில் விளக்கேற்றி வைத்து அதைக் கடலில் மிதக்கவிட்டு, தன் விளக்குகளை அணைத்துவிட்டு வேறு திசையில் நழுவினார். எதிரி இரவெல்லாம் தொட்டியைத் துரத்தினான். ‘மாஸ்டர் அண்ட் கமாண்டர்’ படம் பார்த்தவர்களுக்கு இந்தத் தந்திரம் தெரிந்திருக்கும். பேட்ரிக் ஓ’பிரையன் எழுதிய நாவல் வரிசையின் முதல் கதையில் வரும் சோஃபி கப்பல், ஸ்பீடியை வைத்து உருவானதுதான்.

1801 மே 6. பார்சிலோனாவுக்கு வெளியே விடிகிறது. முந்தைய நாள் சில பீரங்கிப் படகுகளைத் துறைமுகம்வரை விரட்டியிருந்தார்கள். அவை ஓடிய விதத்தைப் பார்த்தால் எதற்கோ தூண்டிலாக விடப்பட்டவை போலிருந்தது. வெளிச்சம் வந்ததும் காரணம் தெரிந்தது. எல் கமோ என்ற ஸ்பானிய ஃபிரிகேட் நேராக வந்துகொண்டிருந்தது. அதில் 32 பீரங்கி, 319 பேர். ஒரு பக்கத்துப் பீரங்கிகள் ஒரே தடவையில் வீசும் இரும்பு ஏறத்தாழ 190 பவுண்டு. ஸ்பீடியில் அன்றைக்கு, பிடித்த கப்பல்களோடு போனவர்கள் போக, பையன்களையும் சேர்த்து 54 பேர்.

கோக்ரேன் ஓடவில்லை. வாக்குக் கொடுத்திருந்தாரே. கமோ ஸ்பானியக் கொடி ஏற்றி எச்சரிக்கைக் குண்டு சுட்டது. கோக்ரேன் அமெரிக்கக் கொடியை ஏற்றினார். நடுநிலை நாட்டுக் கப்பலோ என்று ஸ்பானியர் ஒரு கணம் தயங்கினார்கள். அதற்குள் ஸ்பீடி தனக்கு வசதியான பக்கத்துக்குத் திரும்பிவிட்டது. அப்புறம்தான் ஆங்கிலக் கொடி ஏறியது. வேறு நாட்டுக் கொடியைக் காட்டி ஏய்ப்பது அன்றைய கடல் வழக்கத்தில் குற்றமில்லை, சுடும்போது சொந்தக் கொடி பறக்கவேண்டும் என்பதுதான் விதி. கமோ இரண்டு தடவை முழுப் பக்கத்தையும் முழக்கியது. ஸ்பீடி பதிலுக்கு ஒரு குண்டுகூடச் சுடவில்லை.

ஒவ்வொரு பீரங்கியிலும் ஒன்றுக்கு மூன்றாகக் குண்டு திணித்து, வாயை மேல்நோக்கித் தூக்கி வைத்திருந்தார்கள். தூரத்தில் சுட்டால் அந்தச் சின்னக் குண்டுகள் கமோவின் பக்கச் சுவரில் பட்டுத் தெறித்திருக்கும். கோக்ரேன் கமோவை ஒட்டியே போய், ஸ்பீடியின் பருமல்கள் எதிரியின் கயிறுகளில் சிக்கிக்கொள்ளும்படி நிறுத்தினார். அப்போதுதான் இந்தக் கணக்கு விளங்கியது. கமோ உயரமான கப்பல். அதன் பீரங்கிகளைக் கீழே சாய்ப்பதற்கு ஓர் எல்லை உண்டு. ஸ்பீடியோ குட்டை. கமோவின் குண்டுகளெல்லாம் ஸ்பீடி ஆட்களின் தலைக்கு மேலே பாய்களையும் கயிறுகளையும் கிழித்துக்கொண்டு போயின. ஸ்பீடியின் குண்டுகள் கீழேயிருந்து மேல்நோக்கி, கமோவின் தளத்தைத் துளைத்துக்கொண்டு புறப்பட்டன. முதல் முழக்கத்திலேயே கமோவின் தலைவர் தோன் பிரான்சிஸ்கோ தெ தோரெஸ் இறந்தார்.

ஸ்பானியர் குதித்து ஏறிப் பிடிக்கப் பார்த்தார்கள். ஏறுவதற்கான கட்டளை கேட்டதும் ஸ்பீடி சற்று விலகும். தாவ முடியாமல் விளிம்பில் கூடி நிற்பவர்கள்மேல் துப்பாக்கியாலும் பீரங்கியாலும் சுட்டுவிட்டு மறுபடி ஒட்டிக்கொள்ளும். இது இரண்டு தடவை நடந்தது. ஆனால் இப்படியே நாளெல்லாம் ஓட்ட முடியாது. ஸ்பீடியின் கயிறுகள் அறுந்து தொங்கின. கோக்ரேன் தன் ஆட்களிடம் இரண்டே வழிதான் என்றார்: கமோவைப் பிடிப்பது, அல்லது சாவது. ஸ்பானியர் கருணை காட்டமாட்டார்கள்.

மருத்துவர் ஜேம்ஸ் கத்ரியிடம் சுக்கானைக் கொடுத்துவிட்டு, மற்ற எல்லோரும் ஏறினார்கள். ஒரு கூட்டம் முகத்தில் கரி பூசிக்கொண்டு அணியத்தின், அதாவது கப்பலின் முன்முனையின், வழியாகப் போயிற்று. பீரங்கிப் புகைக்குள்ளிருந்து கூச்சலோடு வெளிவந்த அந்தக் கரி முகங்களைக் கண்டு ஸ்பானியர் சற்றுத் திகைத்து நின்றார்கள். அந்தத் திகைப்பு தெளிவதற்குள் இன்னொரு கூட்டம் நடுப்பகுதியில் ஏறிவிட்டது. கைகலப்பு இழுத்தது. அப்போது கோக்ரேன் கீழே ஸ்பீடியைப் பார்த்து, இன்னும் 50 பேரை அனுப்பு என்று எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினார். கீழே இருந்தது மருத்துவர் கத்ரி ஒருவர்தான். அவரும் சளைக்காமல், இதோ என்று பதில் குரல் கொடுத்தார். அதே நேரம் கோக்ரேன் ஒரு மாலுமியை அனுப்பி ஸ்பானியக் கொடியைக் கீழே இறக்கச் சொன்னார். கொடி இறங்கியதைப் பார்த்ததும் அதிகாரிகள் சரணடைந்துவிட்டார்கள் என்று நினைத்து ஸ்பானிய மாலுமிகள் ஆயுதத்தைப் போட்டார்கள்.

கமோவில் தலைவரோடு சேர்த்து 15 பேர் இறந்திருந்தார்கள், 41 பேருக்குக் காயம். ஸ்பீடியில் 3 பேர் இறந்தார்கள். லெப்டினன்ட் ரிச்சர்ட் பார்க்கர் பலத்த காயத்தோடு விழுந்து கிடந்தார். காயமில்லாத கைதிகள் மட்டும் 263 பேர். தங்களைப் பிடித்தவர்கள் எத்தனை பேர் என்று அவர்கள் எண்ணிப் பார்ப்பதற்குள் கீழ்த்தளத்துக்குள் தள்ளி, அவர்களுடைய பீரங்கிகளையே படிவாசலை நோக்கித் திருப்பி, திரி கொளுத்திப் பக்கத்தில் ஆள் நிறுத்தினார்கள். ஆர்ச்சிபால்டு கோக்ரேன் தலைமையில் கமோ மஹோனுக்குப் போனது.

கமோவில் உயிரோடு இருந்த மூத்த அதிகாரி கோக்ரேனிடம் வந்து, நான் கடமையைச் சரியாகச் செய்தேன் என்று ஒரு சான்றிதழ் தரமுடியுமா என்று கேட்டார். ஊருக்குத் திரும்பினால் விசாரணை இருக்கும் அல்லவா. அவர் நடந்துகொண்ட விதம் ஓர் அசல் ஸ்பானியருக்கு உரியது என்று கோக்ரேன் எழுதிக் கொடுத்தார். இரண்டு விதமாகவும் படிக்கலாம். அந்தத் தாளைக் காட்டி அந்த அதிகாரி பதவி உயர்வே வாங்கிவிட்டதாகப் பிற்காலத்தில் கேள்விப்பட்டாராம்.

ஜூனில் ஒரோபேசா என்ற இடத்தில், கங்காரு என்ற 18 பீரங்கிக் கப்பலோடு சேர்ந்து, கோட்டைக்குக் கீழே நங்கூரமிட்டிருந்த கப்பல் கூட்டம் ஒன்றைத் தாக்கியதும் உண்டு. நாள் முழுக்க நடந்த சண்டை, 1,400 குண்டுகள் செலவு. கைக்கு மிஞ்சியது மூன்று பிரிக்குகள். கமோவுக்குப் பிறகு இதைச் சொன்னால் எடுபடாது.

ஸ்பீடி மாட்டியது தபால் வேலையில். ஜிப்ரால்டருக்குப் போகும் தபால் கப்பலுக்குத் துணையாகப் போ, வழியில் கரைப்பக்கம் ஒன்றும் செய்யாதே என்று உத்தரவு. கோக்ரேன் கேட்பவரா? அலிகாண்டே அருகே சில கப்பல்களைக் கரைதட்ட விரட்டி, தீ வைத்தார். அதில் ஒன்று எண்ணெய்ச் சரக்கு ஏற்றியது. இரவெல்லாம் கொழுந்துவிட்டு எரிந்தது. அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்த பிரெஞ்சு அட்மிரல் லினுவாவின் அணி, என்ன வெளிச்சம் என்று பார்க்கத் திரும்பியது. ஜூலை 3 விடிந்தபோது எதிரே நின்றவை 80 பீரங்கிக் கப்பல்கள் இரண்டு, 74 பீரங்கி தெசே ஒன்று, மியூரோன் என்ற ஃபிரிகேட் ஒன்று. எகிப்திலிருந்து நெப்போலியன் ரகசியமாகப் பிரான்சுக்குத் திரும்பியது இந்த மியூரோனில்தான். லினுவாவும் நம் பக்கத்துக்குச் சம்பந்தமில்லாதவர் அல்ல. 1803இல் புதுச்சேரியை மீண்டும் பெற்றுக்கொள்ள வந்த தளபதி தெக்கானை அழைத்துவந்தது அவர் அணிதான்.

ஸ்பீடி பீரங்கிகளைக் கடலில் எறிந்து பாரம் குறைத்து, மூன்று பெரிய கப்பல்களுக்கு நடுவே பல மணிநேரம் வளைந்து வளைந்து ஓடிப் பார்த்தது. கடைசியில் தெசே துப்பாக்கிச் சூட்டுத் தூரத்துக்குள் நெருங்கி, பக்கத்துப் பீரங்கிகளை மொத்தமாக முழக்கியது. கப்பல் திரும்பிய வேகத்தில் குறி தவறி, குண்டுகள் ஸ்பீடிக்கு முன்னால் தண்ணீரில் விழுந்தன. அடுத்த தடவை தவறாது. கோக்ரேன் கொடியை இறக்கினார். தெசேயின் கேப்டன் கிறிஸ்டி பலியேர், நீட்டிய வாளை வாங்க மறுத்துவிட்டார். முடியாத காரியத்தோடு இவ்வளவு நேரம் போராடியவரின் வாள் எனக்கு வேண்டாம், இடுப்பிலேயே இருக்கட்டும் என்றார்.

மூன்று நாள் கழித்து அல்ஹெசிராஸ் விரிகுடாவில் இந்த அணியை ஆங்கிலேயர் தாக்கினார்கள். கோக்ரேன் கைதியாகத் தெசேயின் உள்ளே. சண்டைக்காகக் காலை உணவைத் தள்ளிப்போட வேண்டாம் என்று பலியேர் அவரையும் உட்காரவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கப்பலின் பின்பக்கத்தைத் துளைத்துக்கொண்டு ஒரு குண்டு வந்து இருக்கைக்கு அடியில் இருந்த மதுப் பெட்டியில் பாய்ந்தது. அறையெல்லாம் கண்ணாடிச் சில்லு. இருவரும் எழுந்து மேலே போனார்கள். தாக்க வந்த ஆங்கில அணியின் தலைமைக் கப்பல் சீசர். அதன் கேப்டன் நாம் முன்பு பார்த்த பிரென்டன். அன்றைக்கு ஆங்கிலேயர்தான் தோற்றார்கள். கைதிகளைப் பரிமாறிக்கொள்ளும் பேச்சுக்கு வெள்ளைக் கொடியோடு லினுவாவிடம் போனவரும் பிரென்டன்தான். ஸ்பீடியின் பழைய தலைவர் தூது போய், புதிய தலைவர் ஜிப்ரால்டர் திரும்பினார். கப்பலை இழந்ததற்கான விசாரணை ஜூலை 18இல் நடந்தது. குற்றமில்லை என்று தீர்ப்பு.

13 மாதத்தில் ஸ்பீடி பிடித்தவை 50க்கும் மேற்பட்ட கப்பல்கள், 122 பீரங்கிகள், 534 கைதிகள். இப்படிப்பட்ட ஓட்டத்துக்கு, அதிலும் கமோவுக்கு, உடனே கேப்டன் பதவி வந்திருக்கவேண்டும். மஹோனிலிருந்து சண்டை அறிக்கை லண்டன் போகவே தாமதமானது. பதவி உயர்வு வந்தபோது அதன் தேதி ஆகஸ்ட் 8. இடைப்பட்ட காலத்தில் உயர்வு பெற்ற எல்லோரும் பட்டியலில் அவருக்கு மேலே போய்விட்டார்கள். மூப்பு வரிசையில் ஒருமுறை பின்தங்கினால் ஆயுள் முழுக்கப் பின்தங்கல்தான்.

தனக்காகக் கேட்டு ஓய்ந்த கோக்ரேன், காயம்பட்ட பார்க்கருக்காகக் கேட்டார். கடற்படைத் தலைமையில் அப்போது இருந்தவர் செயின்ட் வின்சென்ட் பிரபு. ஸ்பீடியில் செத்தவர்கள் மிகக் குறைவு, அதற்குப் பதவி உயர்வு தர இயலாது என்று பதில் வந்தது. 3 பேர் செத்து 319 பேர் கொண்ட கப்பலைப் பிடித்தால் அது திறமைக்கு அடையாளமா, சண்டை கடுமையாக இல்லை என்பதற்கு அடையாளமா? மேலிடம் பிணத்தை எண்ணியது. கோக்ரேன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. 1797இல் எந்தச் சண்டைக்காக உங்களுக்குப் பிரபுப் பட்டம் கிடைத்ததோ, அந்தச் சண்டையில் நீங்கள் இருந்த விக்டரியில் செத்தது ஒரே ஒருவர்தானே என்று எழுதினார். உண்மைதான். ஆனால் மேலதிகாரிக்கு எழுதக்கூடிய உண்மையா அது? இந்த ஒரு வரியால் கோக்ரேன் இழந்தது எவ்வளவு என்பது இனி வரும் வாரங்களில் தெரியும். பார்க்கருக்கோ பல ஆண்டு கழித்து, மேற்கிந்தியத் தீவுகளில் இருக்கும் ஒரு கப்பலுக்குத் தலைவர் என்று உத்தரவு வந்ததாம். குடும்பத்தை விட்டுவிட்டு பார்படோஸ் போய் இறங்கினால், அப்படியொரு கப்பலே அங்கே இல்லை. இது கோக்ரேன் சொல்வது.

கமோவை ஆங்கிலக் கடற்படை வாங்கிக்கொள்ளவில்லை. அல்ஜியர்ஸ் ஆட்சியாளருக்குச் சரக்குக் கப்பலாக மலிவு விலையில் போய்விட்டது. மாலுமிகளின் பங்குப் பணமும் அதோடு சுருங்கியது. ஸ்பீடியை நெப்போலியன் 1802 டிசம்பரில் போப் ஏழாம் பயஸுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். டோவரில் பிறந்து, இரண்டு முறை பிரெஞ்சுக்காரரிடம் போன கப்பல், போப்பின் கடற்படையில் 1806 வாக்கில் கணக்கிலிருந்து நீக்கப்படும்வரை ஓடியது.

போர் ஓய்ந்து கப்பல் இல்லாமல் போன கோக்ரேன், எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மாணவராகப் போய் உட்கார்ந்தார். மறுபடி போர் தொடங்கியதும் அவருக்குக் கிடைத்த கப்பலின் பெயர் அராப். ஸ்பீடியை அவர் திட்டியதெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆக்கிவிட்ட கப்பல் அது. அதை அடுத்த வாரம் பார்ப்போம்.